அண்ணன் கேட்கும் இரண்டாவது வரவேற்பு

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். வயது 51. சான் பிரான்சிஸ்கோவில், புதுப்பிக்கப்பட்ட பழைய விக்டோரிய வீடு ஒன்றில் கல்யாணம் வேண்டும் என்கிறாள் மகள். நூறு பேருக்கு மேல் அனுமதி இல்லை. எல்லாம் சேர்த்து 35,000 டாலர், கையில் இருக்கிறது. என் அண்ணனோ, "நூறு பேரா? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்று, ஹோட்டலில் 250 பேருக்கு இன்னொரு வரவேற்பு கேட்கிறார். வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே கணக்கிலிருந்து 40,000 கடன் எடுக்கலாமா? அண்ணன் மகன் கடைக்காக எடுத்த முந்தைய கடன், பத்து மாதம் முன்பு 16,000 பாக்கி இருந்து, இப்போதுதான் தீர்ந்தது.

பதில்: சகோதரி, அந்த வீட்டால் உங்களுக்குக் கஷ்டமில்லை. அண்ணன் கேட்கும்போதெல்லாம் ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்கிறீர்களே, அதுதான் கவலையாக இருக்கிறது.

முதலில், 40,000 கிடைக்காது. உச்சவரம்பு 50,000. அதில் கடந்த 12 மாதத்தில் இருந்த அதிகபட்ச பாக்கியைக் கழிப்பார்கள். அதிகபட்சம் 34,000தான் மிஞ்சும். 8 சதவீத வட்டியில் ஐந்து வருடம், மாதம் ஏறக்குறைய 690 டாலர். நடுவில் வேலை போனால், அடுத்த வருட வரித்தாக்கல் கெடுவுக்குள் பாக்கியைக் கட்ட வேண்டும். தவறினால் அது வருமானமாகிவிடும். மத்திய வரி, மாநில வரி, 10 சதவீத அபராதம், கலிஃபோர்னியாவின் 2.5 சதவீத அபராதம் எல்லாம் சேர்ந்தால் 15,000 வரை போகலாம். ஒரு சாயங்கால விருந்துக்கு இது தாங்குமா? மீதி 6,000க்குச் செயலியில் வரும் 'கல்யாணக் கடன்', வீட்டை அடகு வைக்கும் ஹெலாக் பக்கமும் போகாதீர்கள்.

உதாரணத்துக்கு, சான் பிரான்சிஸ்கோவின் ஃபிராங்க்ளின் தெருவில் ஹாஸ்-லிலியென்தால் வீடு என்ற பழைய விக்டோரிய வீடு இருக்கிறது. 1886இல் ரெட்வுட் மரத்தில் கட்டியது. 1906 பூகம்பத் தீ ஒரு தெரு தள்ளி, வான் நெஸ் அவென்யூவோடு நின்றதால் பிழைத்தது. இப்படிப்பட்ட மரவீடுகளில் ஆள் கணக்கு தீப் பாதுகாப்புக்காக. அண்ணனிடம் அதையே சொல்லுங்கள்: "நூறுக்கு மேல் விடமாட்டார்கள், அண்ணா."

அப்புறம், அவர் தாய்மாமன். மாலை, சீர் என்று முதல் மரியாதை அவருக்குத்தான். அதை மனசாரச் செய்யுங்கள். ஊர்க்காரர்களுக்கு விருந்து வேண்டுமென்றால், அவர் செலவில் சொந்த ஊரிலேயே வைக்கட்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் போய் வரட்டும்.

கடன் விண்ணப்பம் போட்டிருந்தால் இந்த வாரமே ரத்து செய்யுங்கள். அண்ணனுக்குப் போன் செய்வது அதற்குப் பிறகு.