ஒட்சிசன் இருக்க வேறு காவி எதற்கு?

அண்ணா, வணக்கம். இரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷின் பற்றி நீங்கள் எழுதியதை உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். குளுக்கோசை ஒட்சியேற்றும் நொதியமான குளுக்கோசு ஒட்சிடேசிடமிருந்து இலத்திரனை வாங்க ஒட்சிசன் சும்மாவே இருக்கும்போது, பெரோசீன் என்ற இரும்புச் சேர்வை மாதிரி இலத்திரனைக் கொண்டுபோகும் ஒரு காவியை ஏன் சேர்க்கிறார்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். இன்னொன்று: லக்கேசு நொதியத்தைக் கதோட்டில் வைத்து, உள்துறைமுகத்துக் கடல்நீரில் ஒரு மின்கலம் செய்து கண்காட்சிக்கு வைக்கப் பிள்ளைகளுக்கு ஆசை. சரிவருமா?
– இரசாயன ஆசிரியை, உப்புவெளி

அன்புள்ள டீச்சர்,

மாணவன் சொல்கிற வழியில்தான் தொடங்கினார்கள். 1962இல் கிளார்க், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த மின்வாயில் காவி கிடையாது. நொதியம் தின்கிற ஒட்சிசனை வைத்துக் குளுக்கோசைக் கணக்கிடுவது. பின்னர் வந்தவர்கள், விளைகிற ஐதரசன் பேரொட்சைட்டை அளந்தார்கள். ஒட்சிசன் சும்மா கிடைக்கும்தான், போதுமான அளவு கிடைக்காது. காற்றுப்பட்ட நீரில் லீற்றருக்குக் கால் மில்லிமூல் அளவே கரைந்திருக்கும். வெறும் வயிற்றிலேயே இரத்தத்தில் குளுக்கோசு 5 மில்லிமூல் வரை இருக்கும். பேரொட்சைட்டை அளக்கவோ, வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாய்க்கு எதிராகச் சுமார் 0.6 வோல்ட் கொடுக்கவேண்டும். அந்த அழுத்தத்தில் விற்றமின் சியும் குடித்த பனடோலும் சேர்ந்து ஒட்சியேறி அளவைக் கெடுக்கும்.

நொதியம் நேரே மின்வாய்க்குக் கொடுக்கட்டுமே என்றால், இலத்திரனை வைத்திருக்கும் எப்.ஏ.டி. என்ற பகுதி நொதியப் புரதத்துக்குள் ஆழப் புதைந்து கிடக்கிறது. கிண்ணியாவில் பாலம் வருமுன் ஆட்களை அக்கரை சேர்த்த பாதைப் படகின் வேலையைத்தான் பெரோசீன் செய்கிறது: உள்ளே போய் வாங்கி, மின்வாயில் இறக்கிவிட்டு, வெறுமையாகத் திரும்பும். அதுவும் குறைந்த அழுத்தத்தில். ஒக்ஸ்போர்ட், கிரான்ஃபீல்ட் ஆய்வாளர்கள் 1984இல் இதை வெளியிட்டார்கள். 1987இல் பேனை அளவு மெஷின் கடைக்கு வந்தது.

ஆனாலும் ஒட்சிசன் விலகிப் போய்விடாது. ஒட்சிசன் மாஸ்க் போட்ட நோயாளியிடம் ஒட்சிடேசு பூசிய சோதனை ஸ்ட்ரிப் சீனியைக் குறைத்துக் காட்டக்கூடும், இலத்திரனில் ஒரு பங்கை ஒட்சிசன் தட்டிக்கொள்வதால். ஒட்சிசனைக் கண்டுகொள்ளாத டிஹைட்ரோஜினேசு நொதியங்களைப் பல கம்பனிகள் பாவிப்பது இதற்காகத்தான். வகுப்பில் இதைச் சொல்லுங்கள்; பாடப்புத்தகத்தை விட இது மனதில் நிற்கும்.

லக்கேசு கதை தலைகீழ். அங்கே ஒட்சிசன்தான் விருந்தாளி. நொதியத்தின் நான்கு செப்பு அணுக்களும் சேர்ந்து நான்கு இலத்திரனைக் கொடுத்து அதை நேரே நீராக்குகின்றன. காவி வைக்கலாம், ஆனால் சும்மா வராது. மின்வாயிலிருந்து காவிக்கும் அங்கிருந்து செப்புக்கும் இலத்திரன் இறங்க, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வோல்ட் போகும். pH 7இல் ஒட்சிசன்–நீர் சமநிலையே நியம ஐதரசன் மின்வாய்க்கு எதிராக 0.82 வோல்ட்தான், அதிலிருந்துதான் கழிக்கவேண்டும்.

கடல்நீர்? வேண்டாம். லீற்றருக்கு 19 கிராம் அளவில் குளோரைட்டு. பெரும்பாலான லக்கேசுகளை அது மடக்கிவிடும். போதாததற்குக் கடல்நீர் காரத்தன்மையானது; காளான் லக்கேசுக்குப் பிடித்தது pH 5 பக்கம். பிலிருபின் ஒட்சிடேசு என்ற இன்னொரு நொதியம் இரண்டையும் ஓரளவு தாங்கும், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு விலை கட்டாது.

நான் என்றால் அசற்றேற்றுத் தாங்கற்கரைசலில் கலத்தை ஓட்டி, கறியுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மின்னோட்டம் விழுவதை வரைபாக்கச் சொல்வேன். கண்காட்சிக்கு அது தாராளம்.