சுருதி சேராதவர்கள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் நான்கு ஆண்டுகளாக இசைக் குழுவை நடத்துகிறேன். கீபோர்டு வாசிக்கிறேன். டிரம்ஸ் வந்த நாளிலிருந்து பெரியவர்களுக்கும் எங்களுக்கும் சண்டை ஓயவில்லை. ஆராதனையைக் கச்சேரி ஆக்கிவிட்டோம் என்கிறார்கள். இசைக்கருவிகளுக்கு வேதத்தில் இடம் உண்டா, இல்லையா? இன்னொரு சந்தேகம். சில பாடல்களில் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அது பக்தியா, வெறும் இசை தரும் கிளர்ச்சியா? இப்போதெல்லாம் சபையார் வாய்திறந்து பாடுவதும் இல்லை. பாடுகிற சிலரும் சுருதி சேராமல் இழுக்கிறார்கள். அது வெளியே தெரியாமல் இருக்கவே ஒலியைக் கூட்டி வைக்கிறோம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 150ஆம் சங்கீதத்தைத் திறந்தால் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, கைத்தாளம் என்று ஒரு வாத்தியக் கடையே இருக்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளிலோ பெரும்பாலும் ஒரு கருவியும் இல்லாமல் பல நூற்றாண்டுகளாகப் பாடி வருகிறார்கள். அவர்களும் அந்தச் சங்கீதத்தைப் படித்தவர்கள்தான். டிரம்ஸுக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு உள்ளே வேறு ஏதோ வருத்தம் இருக்கும். அதை விசாரியுங்கள்.

இரண்டாவது நல்ல கேள்வி. பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீனார், ‘ஒப்புதல்கள்’ என்ற தம் தன்வரலாற்று நூலின் பத்தாம் புத்தகத்தில் இதையேதான் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தன்னை அதிகம் அசைத்தால் அது பாவம் என்கிறார். மனம் திரும்பிய புதிதில் சபையின் பாட்டைக் கேட்டு அழுததை நினைத்து, பாட்டு இருக்கட்டும் என்றும் சொல்கிறார். அவரே இரண்டு பக்கமும் ஊசலாடிய விஷயத்தை நான் ஒரு கடிதத்தில் தீர்க்கப் போவதில்லை. சிலிர்த்தால் சிலிர்க்கட்டும். அதைச் சோதித்துக்கொண்டே வாசித்தால் தாளம் தப்பும்.

நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காமல் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். சில வாரங்களாக நானே இதை நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சபையார் பாடுவதில்லை, அதனால் ஒலியைக் கூட்டினோம் என்கிறீர்கள். தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். தன் குரல் தன் காதிலேயே விழாத இடத்தில் எவன் பாடுவான்? பாட்டு சரியாகத் தெரியாதவன் பக்கத்தில் நிற்பவனைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவான். அரை விநாடி பிந்தி, அவன் ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கி. அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு, ஆள் ஏன் ஏறவில்லை என்று மேலே நின்று கேட்கிறீர்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் சபைச் சீர்திருத்தவாதி சுவிங்கிலி ஆராதனையிலிருந்து பாட்டையே நீக்கினார். பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த மனிதர், வேடிக்கையைப் பாருங்கள். 1527இல் அங்கே பெரிய ஆலயத்தின் ஆர்கனையும் கழற்றினார்கள். 1598இல்தான் சபைப் பாட்டு திரும்பி வந்தது. அவர் செய்தது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லித் தடுத்தார். நீங்கள் ‘எல்லோரும் சேர்ந்து பாடுவோம்’ என்று மைக்கில் அழைத்துவிட்டு, ஒருவர் குரலும் எழாதபடி பார்த்துக்கொள்கிறீர்கள்.

386இல் மிலான் ஆலயத்தை ஒப்படைக்கச் சொல்லி அரண்மனை நெருக்கியபோது, ஆயர் அம்புரோசியாரோடு மக்களும் உள்ளேயே காவலிருந்தார்கள். அவர்கள் சோர்ந்துவிடாமல் இருக்கத்தான் அங்கே பாடும் வழக்கம் ஏற்பட்டது என்று அகுஸ்தீனார் எழுதுகிறார். அவருடைய தாயாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். குரல் தேர்வு வைத்தா உள்ளே விட்டிருப்பார்கள்?

ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ் என்றொரு தீவு. கேலிக் மொழியில் சங்கீதம் பாடும் சபைகள் அங்கே இன்றும் உண்டு. வாத்தியம் கிடையாது. ஒருவர் வரியை எடுத்துக்கொடுப்பார். சபை அதை வாங்கிப் பாடும். படிக்கத் தெரியாதவர்களை முன்னிட்டு 1645இல் இங்கிலாந்தில் வகுத்த வெஸ்ட்மின்ஸ்டர் வழிபாட்டு ஒழுங்கிலேயே இடம்பெற்ற முறை இது. ஆளாளுக்குத் தன் வேகத்தில், தன் கமகத்தோடு இழுப்பார்கள். ஒலிப்பதிவை முதலில் கேட்டபோது ஒரே குழப்பமாக இருந்தது. மூன்றாம் முறைதான் பிடிபட்டது. எல்லோருமே பிந்துகிறவர்கள், யாரையும் விட்டுவிட்டுப் பாட்டு முன்னே போகவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. குரல் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொல்லிக் கெடுத்து வைத்திருந்த காலம். ஆராதனையில் என் பக்கத்தில் பெரியப்பா உட்காருவார். காது மந்தம். பாட்டுப்புத்தகத்தைக் கண்ணருகே பிடித்து, சுட்டுவிரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டே பாடுவார். எல்லோரும் அடுத்த வரிக்குப் போனபின் முந்தைய வரியின் கடைசிச் சொல்லை இவர் தனியாக முடிப்பார். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் முழங்கையால் இடித்து, ‘பெரியப்பா, மெதுவாகப் பாடுங்கள்’ என்றேன். காது மந்தமானவருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டுமே, நாலு வரிசைக்குக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. வாயை மூடிக்கொண்டார். பழுப்பேறிய தடித்த நகத்தோடு அந்த விரல் மட்டும் வரிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிந்த பிறகும் ஒரு சொல் பிந்தித்தான் அது ஓரத்தை அடைந்தது. அதற்குப் பின் வந்த ஞாயிறுகளிலும் அப்படித்தான். மறுபடி பாடச் சொல்லி நான் கேட்கவேயில்லை.

ஆகவே சுருதி சேராதவர்களைப் பற்றி என்னிடம் வந்து புகார் சொல்லாதீர்கள். மறைக்காமல் எழுதினீர்கள், அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். டிரம்ஸ் இருக்கட்டும். ஒலியை எவ்வளவு குறைப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒத்திகையில் அதற்கு விடை கிடைக்காது. ஆராதனை நடக்கும்போதே ஒரு பாட்டுக்குக் கீபோர்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் எந்தச் சொல்லில் தப்புகிறார் என்று உங்கள் காதில் விழுகிற வரைக்கும் குறைக்கச் சொல்லுங்கள்.