‘ஃபர்பெலோ’வில் ரோமம் எங்கே?

கேள்வி: பழைய ஆங்கில எழுத்தில் பாவாடையின் ஃப்ரிலை ‘ஃபர்பெலோ’ என்கிறார்கள். ‘ஃபர்’ ரோமம், ‘பிலோ’ கீழே. கீழ் ஓரத்தில் ரோமம் வைத்துத் தைத்ததால் வந்த பெயரா?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அதில் வேலையே இல்லை. மூலச்சொல் ஃபிரெஞ்சு ‘ஃபல்பலா’. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே புழக்கத்துக்கு வந்து, 1700ஐ ஒட்டி உடையோடு சேர்ந்து இங்கிலாந்துக்குப் போனது. ‘ஃபல்பலா’வை வேகமாக நாலு முறை சொல்லிப் பாருங்கள், ‘ல’ எப்போது ‘ர’ ஆகிறது என்றே தெரியாது. ஆங்கிலேயர் காதுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. ஏற்கெனவே தெரிந்த இரண்டு சொற்களை அதன்மேல் போர்த்திவிட்டார்கள். ‘அஸ்பாரகஸ்’ என்ற காய்கறி அவர்கள் பேச்சில் ‘ஸ்பாரோ கிராஸ்’, அதாவது சிட்டுக்குருவிப் புல் ஆனதும் இப்படித்தான். புரியாத சொல்லைப் புரியும் சொல்லாக்கிக்கொள்ளும் இந்த ஆசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: ‘ஃபல்பலா’வுக்கு முன்னால்?

பதில்: தென் பிரான்ஸ் பக்கத்து வட்டாரப் பேச்சில் ‘ஃபர்பெலா’ என்றால் துணியோரக் குஞ்சம். அதுதான் வேர் என்பது பொதுவான கருத்து. ஸ்பெயினில் இதே சொல் ‘ஃபராலா’ ஆயிற்று. ஃபிளமெங்கோ ஆடும் பெண்களின் பாவாடையில் அடுக்கடுக்காகத் தொங்குகிறதே, அதுதான்.

கேள்வி: ஃப்ரிலுக்கு ‘ஃபிளவுன்ஸ்’ என்றும் ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டே, அது இதன் உறவா?

பதில்: இல்லை, அது வேறு குடும்பம். முதலில் ‘ஃபிரவுன்ஸ்’. பழைய ஃபிரெஞ்சில் மடிப்பு, சுருக்கம் என்று பொருள். நெற்றியைச் சுருக்குவதற்கும் அதே சொல்தான். நீளமான துணிப்பட்டையின் ஒரு ஓரத்தில் நூலோட்டி, முனையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓட்டிய பக்கம் நெற்றிபோல் சுருங்கும், மறுபக்கம் அலையாக விரியும். பெயரில் உள்ளது அந்தச் சுருக்கம்.

கேள்வி: ஆண்கள் சட்டை மார்பில் வைத்த ‘ஷாபோ’ என்ற ஃப்ரிலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில்: ஃபிரெஞ்சில் பறவையின் தொண்டைக்குக் கீழே இருக்கும் இரைப்பை. தின்ற புறாவின் கழுத்தடி உப்பியிருக்குமே, அதேதான்.

கேள்வி: ‘ஃபர்பெலோ’ என்று கடற்பாசி இருக்கிறதாமே?

பதில்: ஆமாம், பிரிட்டன் கரையோரத்தில் வளரும் பெரிய பழுப்புப் பாசி. அடிப்பக்கத்தில் அதன் தட்டையான தண்டின் இரு விளிம்பும் அலை அலையாக மடிந்திருக்கும், தையல்காரர் சுருக்கு வைத்ததுபோல.