தனியாகப் பயணம், கையில் ஒரு ஆப்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: என் மகள் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினால், தர்மபுரியில் மாறி அரூர் வந்து சேர ராத்திரி பதினொன்று ஆகிவிடுகிறது. அங்கிருந்து எங்கள் ஊர் இன்னும் நாலு கிலோமீட்டர். தனியாகப் போகிறவர்களுக்கான பாதுகாப்பு ஆப் ஒன்று வருடத்துக்கு 1,200 ரூபாயாம். வாங்கலாமா என்று கேட்கிறாள். என்னிடம் இருப்பது பட்டன் போன்தான். (அரூர் பக்கத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, முதலில் உங்கள் பட்டன் போனைப் பற்றிப் பேசிவிடலாம். விளம்பரத்தில் காட்டுவது உங்கள் மகள் கையில் இருக்கும் போனை. ஆனால் ஆபத்துச் செய்தி வந்து விழப்போவது உங்கள் போனில். இந்த ஆப்களில் பெரும்பாலானவை இடத்தை ஒரு மேப் லிங்க்காக அனுப்புகின்றன. பட்டன் போனில் அது திறக்காத ஒரு வரி. ராத்திரி பதினொரு மணிக்கு அதை வைத்துக்கொண்டு நீங்கள் யாரை எங்கே அனுப்புவீர்கள்? காசு கட்டுவதற்கு முன் மகளை ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்ததும் அவள் எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஆப் உங்கள் வீட்டுக்கு ஆகாது.

அடுத்தது சிக்னல். போன வருடம் ஒரு கட்டண ஆப்பைப் போட்டுக்கொண்டு தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு பஸ்ஸில் போனேன். காட்டு வழியில் பொத்தானை அழுத்தினேன். 'அனுப்பப்பட்டது' என்று பச்சைக் குறி வந்துவிட்டது. வீட்டில் என் தங்கைக்குச் செய்தி கிடைத்தபோது நான் அஞ்செட்டியில் இறங்கி டீ குடித்து முடித்திருந்தேன். தாமதத்தை மன்னிக்கலாம், அந்தப் பச்சைக் குறியை என்னால் மன்னிக்க முடியவில்லை. உதவி கிளம்பிவிட்டது என்று நம்பி ஒரு பெண் காத்திருப்பாளே!

போன் தன் இடத்தைச் செயற்கைக்கோளை வைத்து இணையம் இல்லாமலே கண்டுபிடித்துவிடும். அதை வெளியே அனுப்பத்தான் டவர் வேண்டும். டேட்டா கிடைக்காத இடத்தில் பல நேரம் எஸ்எம்எஸ் போய்விடும். ஆனால் ரீசார்ஜ் முடிந்துபோயிருந்தால் அதுவும் போகாது. அவசர உதவி எண்ணான 112-க்குப் போகும் அழைப்பு அப்படியில்லை. ரீசார்ஜ் தேவையில்லை, போன் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினாலும் வேறு கம்பெனி டவர் வழியாகப் போகும். காசு கொடுத்து வாங்கிய ஆப் ஊமையாகிப்போகும் இடத்திலும், ஏதாவது ஒரு கம்பெனி டவர் எட்டினால் காசில்லாத 112 பேசும் என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள். ஓசூர் எல்லையில் போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்வது உண்டு. அதனால் 112-இல் பேசும்போது முதல் வார்த்தையாக மாநிலத்தையும் ஊரையும் சொல்லட்டும்.

2017 முதல் இந்தியாவில் விற்கும் எல்லா போனிலும் அவசர பொத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் போன் அதற்குப் பிறகு வாங்கியது என்றால் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும். மகளின் போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்த வேண்டும். எத்தனை முறை என்பது போனுக்குப் போன் மாறும், செட்டிங்ஸில் 'அவசரநிலை' பகுதியில் பார்த்துக்கொள்ளட்டும். விளையாட்டாக அழுத்திப் பார்க்க வேண்டாம்.

தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப் இருக்கிறது. 2022-இல் வந்தது, இலவசம். அவசர பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரம் வரை ஓட விடலாம், ஓசூரிலிருந்து அரூர் வர அது தாராளம். உங்களிடம் வாட்ஸ்அப் இல்லாததால், அந்த நேரத்தில் விழித்திருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் 1,200 ரூபாய்க்கு எதுவுமே இல்லையா? ஒன்றே ஒன்றுக்கு நான் காசு கொடுப்பேன். 'பதினொன்றரைக்குள் வீடு சேர்ந்தேன் என்று சொல்லாவிட்டால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தகவல் கொடு' என்று வைத்துவிடும் வசதி. ஆபத்து நேரத்தில் போனைத் தொட முடியாமல் போகலாம், போனே பறிபோகலாம். பொத்தானை நம்பும் ஆப் அங்கே தோற்றுவிடும். இந்த வசதிக்கு யாரும் எதையும் அழுத்த வேண்டாம். ஆனால் கடிகாரம் கம்பெனி சர்வரில் ஓட வேண்டும். மகளின் போனில் மட்டும் ஓடினால் சார்ஜ் போனதும் அதுவும் நின்றுவிடும். சோதிப்பது சுலபம். பத்து நிமிடம் வைத்துவிட்டு போனை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். பதினோராவது நிமிடம் உங்களுக்குத் தகவல் வந்தால் அது காசு பெறும். வராவிட்டால் விடுங்கள்.

அப்புறம், எந்த ஆப் ஆனாலும் ஒரு எச்சரிக்கை. பாதுகாப்பு ஆப்பை யாரும் தினமும் திறப்பதில்லை. சில மாதம் திறக்காத ஆப்பிடமிருந்து லொகேஷன் அனுமதியை ஆண்ட்ராய்டு தானாகவே பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆப்பின் செட்டிங்ஸில் இதை அணைத்து வைக்கலாம். பேட்டரி சேமிப்பும் அதற்குப் பொருந்தாதபடி செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை சோதனைச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசி நாலு கிலோமீட்டரை மறந்துவிடாதீர்கள். தர்மபுரியில் பஸ் மாறும்போது போன் செய்து பஸ் நம்பரைச் சொன்னால், அரூர் ஸ்டாண்டுக்கு வீட்டு ஆள் யாராவது சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போகலாம். எந்த ஆப்பும் அங்கே வந்து நிற்காது.

கேள்வி: கிருஷ்ணகிரியில் இன்ஜினியரிங் படிக்கிறோம். நாலு பேர் சேர்ந்து, தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு ஆப் வடிவமைக்கிறோம். வாங்குபவர் பக்கமிருந்து என்ன எதிர்பார்ப்பீர்கள்?

பதில்: மேலே இருக்கும் தாயின் கடிதத்தை முதலில் படித்துவிடுங்கள் தம்பிகளா. உங்கள் ஆப்பைக் கண்ணாலேயே பார்க்காத அவரும் அதைப் பயன்படுத்துபவர்தான். அவருக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸில் ஊர்ப்பெயர் எழுத்தாக இருக்கட்டும். 'தொப்பூர் கணவாய், சேலம் போகும் பக்கம்' என்றால் புரியும். நாலுவழிச் சாலையில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வண்டி எடுத்தால், திரும்ப வழியில்லாமல் வெகுதூரம் போக வேண்டிவரும். தமிழ் எஸ்எம்எஸ்ஸில் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிதான், ஆங்கிலத்தில் 160. புள்ளியும் கொம்பும்கூடக் கணக்கில் சேரும். ஆகவே பெயர், இடம், நேரம் முன்னால் வரட்டும். உங்கள் ஆப்பின் பெயர் வரவே வேண்டாம்.

'அனுப்பினேன்', 'போய்ச் சேர்ந்தது', 'பார்த்துவிட்டார்' மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். போகவில்லை என்றால் போகவில்லை என்றே சொல்லி, உடனே 112 பொத்தானைத் திரை முழுக்கக் காட்டுங்கள். தவறி அழுத்தியதைப் பின் நம்பர் போட்டு நிறுத்தச் சில விநாடி கொடுங்கள். பக்கத்தில் ஒருவன் மிரட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். அதற்கு இரண்டாவது பின் நம்பர் ஒன்று வேண்டும். அதைப் போட்டால் திரையில் நின்றதுபோல் தெரிய வேண்டும், உள்ளே செய்தி போய்க்கொண்டிருக்க வேண்டும்.

போனிலிருந்து நேரடியாக எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதியை கூகுள் பிளே எல்லா ஆப்புக்கும் தருவதில்லை. அவசரச் செய்திக்கு விலக்கு உண்டு, காரணம் எழுதிக் கேட்க வேண்டும். சர்வரிலிருந்து அனுப்புவதானால் செய்தியின் வாசகத்தை டிஎல்டி முறையில் (கம்பெனிகள் அனுப்பும் எஸ்எம்எஸ்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் பதியும் முறை) முன்கூட்டியே பதிய வேண்டும். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஒரு பெண் எங்கெல்லாம் போகிறாள் என்ற பதிவு தவறான கையில் சிக்கினால் அதுவே ஆபத்து. பயணம் முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு எப்போதும் தெரிய வேண்டும். அவளுக்கே தெரியாமல் அவளைக் கண்காணிக்கும் வசதி கேட்டு யாராவது காசு நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: இதுபோன்ற ஆப் ஒன்றில் ஏழு நாள் இலவசம் என்றார்கள். பிடிக்கவில்லை, போனிலிருந்து எடுத்துவிட்டேன். பிறகும் 999 ரூபாய் கழிந்துவிட்டது. (பாலக்கோடு)

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்த யுபிஐ ஆப்பில் ஆட்டோபே (தானாகப் பணம் கழியும்) பகுதியிலும் நிறுத்துங்கள். பணம் கழிந்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் இன்றே கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேளுங்கள். சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்க வைப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்கிறது. ரத்து செய்யும் வழியை மறைத்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது.