ஃபீஸ் கம்பெனி கட்டும், கையெழுத்து நான் போட வேண்டுமா?

கேள்வி: என் கம்பெனி என்னை 3 வருடத்துக்கு வெளிநாட்டு அலுவலகத்துக்கு மாற்றுகிறது. மகளுக்கு 15 வயது, மகனுக்கு 8. அங்கே ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் இருவருக்கும் இடம் இருக்கிறதாம். 10 நாளுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, திரும்பக் கிடைக்காத டெபாசிட்டைக் கட்டச் சொல்கிறார்கள். ஃபீஸை கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்கிறார் ஹெச்ஆர். ஆனால் விசா இன்னும் வரவில்லை. மகனுக்கு டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதில், எழுதுவதில் வரும் கற்றல் சிரமம்) உண்டு, அதை விண்ணப்பத்தில் எழுதினால் இடம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது, கஸ்டடி என்னிடம்தான். குழந்தைகளின் அப்பா "கூட்டிக்கொண்டு போ" என்று போனில் சொல்லிவிட்டார். இது போதுமா?

பதில்: போதாது. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். அது சரியாகாமல் டெபாசிட் கட்டினால் பணமும் போகும், இன்னும் பெரிய சிக்கலும் வரும்.

கஸ்டடி உங்களிடம் இருப்பதாலேயே குழந்தைகளை வேறு நாட்டில் குடிவைக்கும் உரிமையும் உங்களுக்கு வந்துவிடாது. விவாகரத்துத் தீர்ப்பை எடுத்து வரி விடாமல் படியுங்கள். அப்பா எந்தெந்த நாட்களில் குழந்தைகளைப் பார்க்கலாம், நீதிமன்ற அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு அழைத்துப் போகக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்படித் தடை இருந்தால் அவர் சம்மதம் மட்டும் போதாது, அந்த நீதிமன்றத்திலேயே மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

குழந்தைக் கடத்தல் தொடர்பாக 1980-ல் ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, 100-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கடத்தல் என்ற சொல்லைப் பார்த்து நமக்கு இது பொருந்தாது என்று நினைத்துவிடாதீர்கள், பெற்ற தாயோ தந்தையோ மற்றவரின் உரிமையை மீறி அழைத்துப் போவதைப் பற்றித்தான் அந்த உடன்படிக்கையே. நீங்கள் இருக்கும் நாடும் போகும் நாடும் அதன்படி நடப்பவை என்றால், 16 வயதுக்குக் குறைவான குழந்தையைத் திருப்பி அனுப்பக் கோரி அப்பா மனுப் போடலாம். அழைத்துப் போன ஒரு வருடத்துக்குள் போட்டால், ஒருசில விதிவிலக்குகள் தவிர, நீங்கள் போன நாட்டின் நீதிமன்றம் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். "அவருக்கு வாரக் கடைசியில் பார்க்கும் உரிமை மட்டும்தானே" என்ற வாதமும் எப்போதும் நிற்காது. 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்குப் போனது. அந்த அப்பாவிடம் பார்க்கும் உரிமையும், தன் சம்மதமின்றி மகனை நாட்டை விட்டு அழைத்துப் போகக் கூடாது என்று தடுக்கும் உரிமையும்தான் இருந்தன. தடுக்கும் அந்த உரிமையே இந்த உடன்படிக்கையின்படி கஸ்டடி உரிமைதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சம்மதம் கொடுத்தார் என்பது நல்ல எதிர்வாதம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். போனில் சொன்னதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? இன்றைக்கு நல்லபடியாகப் பேசுகிறவர் ஆறு மாதம் கழித்து ஜீவனாம்சத் தகராறில் வேறு மாதிரி பேசலாம். இதைப் பல குடும்பங்களில் பார்த்தாகிவிட்டது. அதனால் எழுதி வாங்குங்கள். சும்மா "ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி வேண்டாம், அது விடுமுறைப் பயணத்துக்கான சம்மதம் என்று பின்னால் திருப்பிவிடலாம். இது குடிமாற்றம், இந்த நாட்டுக்கு, இத்தனை வருடத்துக்கு, பள்ளியையும் மருத்துவத்தையும் அம்மா முடிவு செய்யலாம், விடுமுறையில் குழந்தைகள் அப்பாவிடம் எப்படி வருவார்கள், டிக்கெட் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் காட்ட வேண்டியிருந்தால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அரசு தரும் சான்று) தேவைப்படலாம், 1961-ம் வருட அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் தூதரகம் வழியாகச் சான்றளிக்க வேண்டும். முடிந்தால் இதையே நீதிமன்றத்தில் கூட்டு மனுவாகப் போட்டு உத்தரவாக வாங்கிவிடுங்கள், அதுதான் பலமானது. டீசி, மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழுக்கும் பள்ளி இதே முத்திரை கேட்கக்கூடும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பள்ளி ஒப்பந்தம். கையெழுத்துப் போடுவது நீங்கள், அதனால் பணம் கட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையதுதான். ஹெச்ஆர் சொன்னதற்கும் பள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கம்பெனி கட்டத் தவறினாலோ, உங்களையே வேலையை விட்டு அனுப்பினாலோ, பள்ளி உங்களிடம்தான் வந்து நிற்கும். ஆகவே முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்: டியூஷன் ஃபீஸ் மட்டுமா, டெபாசிட், கட்டட நிதி, பஸ், பரீட்சைக் கட்டணம், கற்றல் உதவிக் கட்டணம் எல்லாம் சேர்த்தா? உச்சவரம்பு உண்டா? ஃபீஸ் கூடினால் கூடிய தொகை யார் தலையில்? கம்பெனி கட்டும் பள்ளிக் கட்டணத்தை உங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடும் நாடுகள் இருக்கின்றன, அந்த வரியை யார் கட்டுவது? குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று மாற்றல் உத்தரவில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம், அதில் பள்ளிக் கட்டணமும் சேருமா? "கம்பெனி கொள்கைப்படி கல்வி உதவி" என்ற வாசகத்தை நம்பாதீர்கள். கொள்கை நாளைக்கே மாறும்.

டெபாசிட்டைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள், விலகும் விதியை யாரும் படிப்பதில்லை. உண்மையில் பெரிய பணம் அங்கேதான் போகிறது. ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் அந்தப் பருவத்தின் முழு ஃபீஸையும் கட்ட வேண்டும் என்பது பிரிட்டிஷ் பாணித் தனியார் பள்ளிகளில் வழக்கமான ஷரத்து. அங்கிருந்து உங்களைக் கிளம்பச் சொல்லி மாற்றல் உத்தரவு 30 நாள் அவகாசத்தில் வந்தால்? இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாங்காங் மாதிரி இடங்களில் டிபெஞ்சர் (இடத்துக்காகப் பள்ளியிடம் வாங்கும் கடன்பத்திரம்) என்று ஒன்று கேட்பார்கள். போகும்போது முழுசாகத் திரும்புமா, வருடா வருடம் மதிப்புக் குறையுமா, கம்பெனி பெயரில் வாங்கினால் வேலை போனதும் இடமும் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"திரும்பக் கிடைக்காது" என்று அச்சடித்துவிட்டால் சட்டம் அதை அப்படியே ஏற்குமா என்றால், நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய யூனியனில் 93/13 என்ற 1993-ம் வருட வழிகாட்டு நெறி, நியாயமற்ற ஷரத்து நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. நீங்கள் பின்வாங்கினால் பணத்தை வைத்துக்கொள்வோம், நாங்கள் ரத்து செய்தால் ஈடு தர மாட்டோம் என்ற ஒருதலை ஷரத்து அதன் உதாரணப் பட்டியலிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்டு என்ற ஷரத்து, அதை எழுதியவரின் நியாயமான நலனுக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிதாக இருந்தால் செல்லாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் கேஹெச்டிஏ, பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு ஒப்பந்தத்தையே நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் நாட்டின் பெயரை எழுதவில்லை, அதனால் இதற்கு மேல் போகவில்லை. ஆனால் புது ஊரில் போய் இறங்கியவுடன் பள்ளி மேல் வழக்குப் போடுவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை, கையெழுத்துக்கு முன்னால் பேரம் பேசுவதுதான் மலிவு.

பேரம் இதுதான்: விசா மறுக்கப்பட்டாலோ, மாற்றல் உத்தரவு ரத்தானாலோ, தாமதமானாலோ டெபாசிட் திரும்பும், அல்லது அடுத்த பருவத்துக்கு மாற்றப்படும் என்று ஒரு வரி. அட்மிஷன் அலுவலர் போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றால் உருகிவிடாதீர்கள். இந்த ஒப்பந்தமே முழுமையானது, வெளியே சொன்ன எதுவும் செல்லாது என்ற ஷரத்து அநேகமாக அதே தாளில் பின்பக்கம் இருக்கும். அதனால் அந்த வரி ஒப்பந்தத்துக்குள்ளேயே வர வேண்டும், இல்லாவிட்டால் பள்ளி கையெழுத்திட்ட இணைப்புக் கடிதமாக வர வேண்டும்.

மகள் விஷயத்தில் இன்னொன்று. 15 வயது என்றால் ஐஜிசிஎஸ்இ (ஏறக்குறைய நம் பத்தாம் வகுப்பு நிலை) பாடத்திட்டத்தின் நடுவில் போய் உட்காருவாள், பெரும்பாலும் இரண்டு வருடம் படிக்க வேண்டியது அது. அதற்கு அடுத்து வரும் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) டிப்ளமாவும், நம் பிளஸ் டூ மாதிரி, இரண்டு வருடப் படிப்பு. பாதியில் ஏறுவதும் கஷ்டம், பாதியில் இறங்குவதும் கஷ்டம். உங்கள் 3 வருடம் அவள் கடைசிப் பரீட்சையோடு முடிகிறதா என்று முதலில் பாருங்கள். தேர்வு வைத்து வகுப்பை மாற்ற பள்ளிக்கு அதிகாரம் தரும் ஷரத்தும் இருக்கலாம், ஒரு வருடம் கீழே போட்டால் அந்தக் கணக்கே மாறிவிடும். விளம்பரத்தில் "ஐபி கேண்டிடேட் ஸ்கூல்" என்று இருந்தால் இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று பொருள், அது கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஐபி அமைப்பின் வலைத்தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

மகனின் டிஸ்லெக்சியாவை மறைக்காதீர்கள். பொய் சொன்னால் பாவம் என்பதற்காக இல்லை. தெரிந்த கற்றல் சிரமங்களைச் சொல்லிவிட்டோம் என்று விண்ணப்பத்தில் நீங்கள் உறுதி தருவீர்கள், பின்னால் தெரிந்தால் அட்மிஷனை ரத்து செய்யவும் கட்டிய பணத்தை வைத்துக்கொள்ளவும் அதுவே காரணமாகும். அப்புறம், சொல்லாத ஒன்றுக்கு ஏன் உதவி தரவில்லை என்று பள்ளியைக் கேட்கவும் முடியாது. பரிசோதனை அறிக்கையைக் கொடுத்து, என்ன உதவி, வாரத்துக்கு எத்தனை மணி, தனிக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இதைக் கேட்டு இடம் மறுக்கிற பள்ளி இப்போதே மறுக்கட்டும், நடு வருடத்தில் வெளியே அனுப்புவதைவிட அது எவ்வளவோ மேல். மாற்றுத்திறன் காரணமாக மறுப்பதைத் தடுக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு, மறுப்பு எழுத்தில் வந்தால் அங்குள்ள வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

10 நாள் கெடு என்கிறீர்கள். இன்றே பள்ளிக்கு ஒரு மெயில் போடுங்கள்: இடத்தை ஏற்க விருப்பம், இணைப்புக் கடிதத்தில் இந்த ஷரத்துகள் வேண்டும், தந்தையின் எழுத்துச் சம்மதத்துக்கும் விசாவுக்கும் இன்னும் மூன்று வாரம் தேவை என்று. ஹெச்ஆருக்கு ஒரு காப்பி வையுங்கள். கெடு முடிவதற்குள் பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இடத்தையும் விட மனமில்லை என்றால், டெபாசிட்டை கம்பெனியே நேராகக் கட்டட்டும், போனால் அது கம்பெனி பணம், உங்களிடம் திருப்பிக் கேட்காது என்று ஹெச்ஆரிடம் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.