காமாவுக்கு ஊர்தான் தெரியும், வீட்டு நம்பர் எக்ஸ்ரேக்குத்தான் தெரியும்

கே: காமா கதிர் எங்கேர்ந்து வருதுன்னு சாட்டிலைட் காட்டிடுச்சு, வெடிச்சுப்போன நட்சத்திரத்தோட மிச்சமும் அங்கயே இருக்கு. அப்ப அதுதானே காரணம், திரும்ப எதுக்கு எக்ஸ்ரே டெலஸ்கோப்?

ப: "அங்கயே"ன்னு சொன்னீங்க பாருங்க, சிக்கலே அந்த வார்த்தைலதான். காமா கதிர கண்ணாடி வச்சு குவிக்க முடியாது, ஊடுருவிப் போயிடும். 1991-ல மேல போன காம்ப்டன் சாட்டிலைட்ல எக்ரெட்னு ஒரு கருவி இருந்துச்சு, அது கை காட்டுற வட்டம் பல நேரம் முழுநிலா சைஸ், சில நேரம் அதவிட பெருசு. அதோட மூணாவது பட்டியல்ல 271 சோர்ஸ், அதுல 170 என்னன்னே அப்ப யாருக்கும் தெரியல. செயின அறுத்தவன் இந்தத் திருவிழா கூட்டத்துக்குள்ளதான் இருக்கான்னு சொல்ற மாதிரி, சரி, எந்த ஆளு?

எக்ஸ்ரேவ மட்டும் கொஞ்சம் ஏமாத்தலாம். நேரா விழுந்தா கண்ணாடிக்குள்ள பூந்துடும், ஆனா ரொம்ப சாய்வா உரசிட்டுப் போனா தெறிக்கும், சின்ன வயசுல ஓட்டாஞ்சில்ல குளத்துல சாய்ச்சு விட்டெறிஞ்சா தத்தித் தத்திப் போகும்ல, அதேதான். 1999-ல போன சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் (நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேருதான்) அரை ஆர்க் செகண்ட் வரைக்கும் பிரிச்சுக் காட்டும். நிலாவோட அகலத்த 3,600 துண்டா வெட்டினா அதுல ஒரு துண்டு.

கே: இருந்தாலும் மிச்சம் பக்கத்துலயே இருக்கப்ப அதுமேல சந்தேகப்படுறதுல என்ன தப்பு?

ப: சந்தேகப்படலாம், உடனே தண்டனை குடுக்கக்கூடாது. சிக்னஸ்ங்கிற நட்சத்திரக் கூட்டத்துல காமா சிக்னின்னு ஒரு மிச்சம் இருக்கு (பேருல இருக்க காமாவுக்கும் காமா கதிருக்கும் சம்பந்தமே இல்ல, வெறும் கண்ணுக்கே தெரியுற ஒரு நட்சத்திரத்தோட பேரு அது, குழப்புறதுக்குன்னே வச்ச மாதிரி). அது பக்கமா பிரகாசமான ஒரு காமா சோர்ஸ். ரோசாட்னு ஒரு எக்ஸ்ரே சாட்டிலைட் அங்க ஒரு எக்ஸ்ரே புள்ளிய பாத்திருந்துச்சு, ஆள் மாட்டிக்கிட்டான்னு நினைக்கலாம்ல? சந்திரா போய் உத்துப் பாத்தா அந்தப் புள்ளி ஒரு சாதாரண கே வகை நட்சத்திரம், அதால அவ்ளோ காமா கதிர்லாம் விட முடியாது. அப்புறம் எக்ரெட் டேட்டாவ திருத்தி, வட்டம் கொஞ்சம் நகர்ந்து, சந்திரா மறுபடி படம் எடுத்து, புள்ளி டஜன்கணக்குல. கடைசில ஃபெர்மின்னு புது காமா சாட்டிலைட் போனப்புறம் 2009-ல 265 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ சுத்துற பல்சார் (வெடிச்ச நட்சத்திரத்தோட நடுவுல மிஞ்சுற நியூட்ரான் நட்சத்திரம், சுத்தச் சுத்த அதோட கதிர் நமக்கு விட்டு விட்டு துடிப்பா வரும்) சிக்குச்சு, எக்ஸ்ரேல அது எந்தப் புள்ளின்னு பாத்தா சந்திரா படத்துல இருந்த ஒரு மங்கலான புள்ளி! காமா கதிர் விட்டது வெடிச்சு விரியுற அந்த வாயுக் கூடு இல்ல, உள்ள இருந்த நியூட்ரான் நட்சத்திரம்.

கே: அப்ப எக்ஸ்ரே வேல வெறும் அட்ரஸ் சொல்றது மட்டும்தானா?

ப: வெறும் அட்ரஸ்னு லேசா சொல்லாதீங்க சார். சிடிஏ 1-னு ஒரு மிச்சம், கிட்டத்தட்ட 4,600 ஒளியாண்டு தூரத்துல. அங்க எக்ஸ்ரேல ஒரு புள்ளியும் சந்திரா படத்துல அதுலேர்ந்து சின்னதா ஒரு வாலும் தெரிஞ்சுது, பல்சாராத்தான் இருக்கும்னு எல்லாருக்கும் டவுட், ஆனா ரேடியோ அலைல தேடினா சத்தமே இல்ல. 2008-ல ஃபெர்மி பாத்தப்ப நிமிஷத்துக்கு ஒரு காமா போட்டான் (ஒளித்துகள்) வந்தாலே பெருசு, ஆனா அந்த பல்சார் செகண்டுக்கு மூணு தடவ சுத்துது. இத வச்சு எப்படி துடிப்ப கண்டுபிடிக்கிறது? பூமி சூரியன சுத்துறதால போட்டான் வந்து சேர்ற நேரம் முன்னபின்ன ஆகும், அத கழிக்கணும்னா சோர்ஸ் எங்க இருக்குன்னு துல்லியமா தெரியணும், அந்த இடத்த குடுத்தது எக்ஸ்ரே புள்ளிதான். கழிச்சதும் 316 மில்லி செகண்ட் துடிப்பு பளிச்னு வந்துச்சு.

கே: மிச்சமே குற்றவாளியா மாட்டின கேஸ் ஒண்ணாவது இருக்கா?

ப: இருக்கே. ஆர்எக்ஸ் ஜே1713-னு ஒண்ணு, ரோசாட் எக்ஸ்ரேல கண்டுபிடிச்சது. 2004-ல நமீபியால இருக்க ஹெஸ் டெலஸ்கோப் அதோட காமா படத்த வெளியிட்டாங்க, எக்ஸ்ரேல தெரிஞ்ச அதே வளையம் காமாலயும் தெரிஞ்சுது. எக்ஸ்ரேவ பிரிச்சுப் பாத்தா சூடான வாயு விடுற நிறமாலைக் கோடுகள் பெருசா இல்லாம வழவழன்னு இருந்ததால, அங்க அதிவேக எலக்ட்ரான் சுத்திட்டு இருக்குன்னு முன்னாடியே தெரியும். அந்த காமா கதிர எலக்ட்ரான் மட்டும் உண்டாக்குதா, புரோட்டானும் சேந்து வேல செய்யுதாங்கிற சண்ட மட்டும் இன்னும் ஓடிட்டே இருக்கு.