வியாழக்கிழமை விருந்துக்குச் சனிக்கிழமையே ஆயத்தம்

கேள்வி: வட கரோலினாவில் ராலேயில் இருக்கிறோம். நவம்பர் நான்காம் வியாழன் வான்கோழி விருந்தோடு வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஒவ்வொரு வருஷமும் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போவோம். போன வருஷம் 16 பவுண்டு வான்கோழியை நான் வாங்கி, புதன் மதியம் டிக்கியில் வைத்துக் கிளம்பினேன். போய்ச் சேர நள்ளிரவாகிவிட்டது. காலையில் பார்த்தால் மேலே இளகி, உள்ளே கல்லாக உறைந்திருந்தது. அப்படியே ஓவனில் வைத்தோம். நெஞ்சுக்கறி வறண்டுபோனது, தொடையை வெட்டினால் ரத்தம். எல்லாருக்கும் தோசை வார்த்துப் போட்டார் அக்கா. சிகாகோவிலிருந்து விமானத்தில் வந்த தம்பி ஆசையாகச் செய்த கிரான்பெரி சாஸையும் விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இந்த வருஷம் அப்பா அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த டிக்கிதான். இறைச்சியில் கிருமி வேகமாகப் பெருகுவது 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான சூட்டில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை அங்கே விடக்கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. முழு வான்கோழியில் உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே மேல்தோல் இந்த எல்லைக்குள் வந்துவிடும். நவம்பர் குளிர்தானே என்று நம்பவும் முடியாது. வெயில் பட்டால் டிக்கி சூடேறும். அன்று நீங்கள் அதைச் சாப்பிடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

எனவே இந்த முறை வான்கோழியை நீங்கள் தூக்கிப் போக வேண்டாம். அக்காவையே எடிசனில் வாங்கச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் 4 முதல் 5 பவுண்டு இளக ஒரு முழு நாள் பிடிக்கும். 16 பவுண்டுக்கு நான்கு நாள். சனிக்கிழமை இரவு ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஆழமான தட்டு ஒன்றில் வைத்துவிட்டால் வியாழன் காலையில் தயாராக இருக்கும். கொஞ்சம் முன்பே இளகினாலும் பரவாயில்லை, ஃப்ரிட்ஜில் இளகியது இன்னும் ஓரிரு நாள் தாங்கும். வான்கோழி விற்கும் பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் நடத்தும் தொலைபேசி ஆலோசனையில் மக்கள் அதிகம் கேட்பதே இந்த இளக வைக்கும் கணக்கைத்தான். ஆகவே இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தவறு இல்லை.

வியாழன் காலையிலும் நடுவில் பனி இருந்தால் பதற வேண்டாம். உறை பிரிக்காமல், தண்ணீர் புகாத பையில் போட்டு, குளிர்ந்த நீரில் முழுக வையுங்கள். அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். முழுக்க உறைந்ததற்குப் பவுண்டுக்கு அரை மணி நேரம் வேண்டும். நடுப்பகுதி மட்டும் என்றால் சீக்கிரம் இளகிவிடும். இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். வெந்நீர் கூடாது, சமையல் மேடையில் வெளியே வைக்கவும் கூடாது. இதற்கும் நேரமில்லையா? உறைந்ததை அப்படியே 325 டிகிரி ஓவனில் வைக்கலாம், ஆபத்தில்லை. வழக்கமாக நாலு மணி நேரம் என்றால் அது ஆறு மணி நேரமாகும், அவ்வளவுதான். கழுத்துக் குழியிலும் வயிற்றுக்குள்ளும் ஈரல், கழுத்துத் துண்டெல்லாம் பையில் போட்டு வைத்திருப்பார்கள். கறி இளகி வழிவிட்டதும் அதை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

நெஞ்சு வறண்டு தொடை வேகாமல் போனதற்கு உறைபனி ஒரு காரணம். இன்னொன்று பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. நெஞ்சுக்கறி 165 டிகிரியைத் தாண்டத் தாண்ட வறளும். தொடையில் நார் அதிகம், 175 வரை போனால்தான் மெத்தென்று ஆகும். ஒரே ஓவனில் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் நியாயம் செய்வது கடினம். நம் வீடுகளில் கோழியைத் துண்டு போடாமல் யார் அடுப்பில் ஏற்றுகிறார்கள்? அதையே இங்கும் செய்யலாம் என்பது என் கருத்து. கால்களைத் தனியாக வெட்டி வேறு தட்டில் வையுங்கள். நெஞ்சுப் பகுதி வெந்ததும் வெளியே எடுத்துவிட்டு, கால்களை இன்னும் கொஞ்சம் விடுங்கள். மேசையில் முழுப் பறவையின் கம்பீரம் இருக்காது, ஆனால் எல்லாருக்கும் நல்ல கறி கிடைக்கும்.

வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக வெந்த வான்கோழியும் சில சமயம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நெஞ்சின் தடித்த இடம், தொடையின் உட்புறம், இறக்கையின் உட்புறம், மூன்றிலும் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ் காட்ட வேண்டும். முனை எலும்பில் படக்கூடாது. வயிற்றுக்குள் ஸ்டஃபிங் என்னும் பூரணம் வைத்தால் அதன் நடுவிலும் அதே சூடு வேண்டும். தனிப் பாத்திரத்தில் வேகவைத்தால் அந்தக் கவலையே இல்லை. வெளியே எடுத்து 20 நிமிடம் விட்டுப் பிறகு வெட்டுங்கள்.

அம்மா வந்திருக்கிறார் என்பதால் ஒன்று சொல்கிறேன். மஞ்சள் போட்டு அலசாமல் கறியைத் தொட அவருக்கு மனம் வராது. ஆனால் தொட்டியில் 16 பவுண்டுப் பறவையை அலசும்போது தெறிக்கும் நீர்த்துளி, பக்கத்தில் இருக்கும் சாலட் வரைக்கும் சால்மொனெல்லா என்ற கிருமியைக் கொண்டு சேர்க்கும். அலச வேண்டாம்; காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, அம்மா கையாலேயே மஞ்சளும் மிளகும் தடவச் சொல்லுங்கள். உப்பு போடுமுன் உறையைப் படியுங்கள். பல வான்கோழிகளில் உப்புக்கரைசல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும்.

யாராவது கொல்லையில் எண்ணெயில் பொரிக்கலாம் என்று கிளம்பினால், உள்ளே துளி பனி இருந்தாலும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். அந்தப் பனி கணத்தில் ஆவியாகி எண்ணெயைப் பொங்க வைக்கும், வழிவது நெருப்பில்தான். அமெரிக்க வீடுகளில் சமையல் தீவிபத்துகள் மிக அதிகமாக நடக்கும் நாள் தேங்க்ஸ்கிவிங்.

இனி பயணம். புதன் மதியம் கிளம்பினால் வாஷிங்டனைச் சுற்றியுள்ள ஐ-95 சாலையில் மாலை நெரிசலில் போய் மாட்டுவீர்கள். செவ்வாய் இரவு முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் புதன் விடியுமுன் நான்கு மணிக்குப் புறப்படுங்கள். திரும்புவதைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா பாருங்கள். எல்லாரும் வீடு திரும்பும் நாள் ஞாயிறு. 2024இல் அந்த ஞாயிறு ஒரே நாளில் விமான நிலையச் சோதனையைக் கடந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல்.

தம்பிக்கு: ஊற்றவோ தடவவோ முடிந்த எதுவும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது. கிரான்பெரி சாஸ், கிரேவி மட்டுமல்ல, சாம்பார், தயிர், இட்லி மாவுக்கும் இதே விதிதான். அவற்றை இறுக மூடி, செக்-இன் பெட்டியில் போடலாம். ஆப்பிள் பை போன்ற பலகாரம், கேக், முறுக்கு, மைசூர்பாகு கைப்பையிலேயே வரும். விமானம் ரத்தாகி, மாற்று விமானம் வேண்டாம் என்று அவர் சொன்னால் பணம் திருப்பித் தரப்பட வேண்டும்; உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் அப்படியே. எனவே கூப்பன் நீட்டினால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

மிச்சக் கறியைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து, சிறு டப்பாக்களில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கு நாள் தாங்கும். ராலேக்குக் கொண்டுபோக வேண்டியதை வியாழன் இரவே உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். எலும்பை வெள்ளிக்கிழமை மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசமாக வைத்துவிடலாம். ஊரைவிட்டு வந்த அப்பா அம்மாவின் வயிற்றுக்கு அது நன்றாக ஒத்துக்கொள்ளும்.